சின்னத் தொட்டி சொல்வதைக் கேளுங்கள்: இரண்டு பைக்கில் உட்லண்ட்ஸ் முதல் மே ஹோங் சோன் வரை

கேள்வி இதுதான். ஒருவரிடம் யமாஹா ஸ்னைப்பர் 150, நண்பரிடம் ஹோண்டா சிபி400எக்ஸ். மார்ச் பள்ளி விடுமுறையை ஒட்டி 14 நாள் விடுப்பு கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து சாலை வழியாகவே போய், தாய்லாந்தின் வடமேற்கு மூலையில் மே சோட் – மே சரியாங் காட்டுப் பாதையையும் மே ஹோங் சோன், பாய் மலைகளையும் சுற்றிவிட்டு வர முடியுமா? எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

முடியும். மார்ச்சில் மட்டும் போகாதீர்கள், 14 நாளுக்குள் அடைக்கவும் பார்க்காதீர்கள்.

முதலில் கணக்கு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலிருந்து, மலேசியாவின் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட் யாய் வரை சுமார் 860 கி.மீ. அங்கிருந்து சும்போன் 480, பெட்சபுரி 340, பாங்காக்கைத் தொடாமல் சுபான் புரி வழியாகத் தாக் நகரம் 520, தாக்கிலிருந்து மே சோட் 85. சுற்ற வேண்டிய இடத்தின் வாசலுக்கு வந்து நிற்கவே ஏறக்குறைய 2,300 கி.மீ. ஆகிவிடுகிறது. மே சோட், மே சரியாங், மே ஹோங் சோன், பாய், சியாங் மாய் என்ற சுற்று 640. திரும்பி வர 2,500. ஆக மொத்தம் 5,400 கி.மீ.க்குக் குறையாது. ஸ்னைப்பர் மணிக்கு 90-இல் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும், 110-இல் ஓட்டினால் ஓட்டுபவர் மாலைக்குள் மரத்துப்போவார். சராசரியாக நாளுக்கு 400 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போக 6 நாள், மலையில் 6 நாள் (அதில் இரண்டு ஓய்வு), திரும்ப 6 நாள். 18 நாள் வேண்டும். 14 நாள்தான் என்றால் சியாங் மாய்க்கு விமானத்தில் போய், அங்கேயே வாடகை பைக் எடுத்து மலையை நிதானமாகச் சுற்றுவது மேல். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஒன்று மட்டும்: வாடகைக் கடையில் கடப்பிதழை அடகு வைக்காதீர்கள். நகலும் முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடையாகப் பாருங்கள்.

மார்ச் ஏன் ஆகாது? பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் காடும் வயலும் எரியும் காலம். மலை கண்ணுக்கே தெரியாது, தொண்டை எரியும். ஜூன் விடுமுறையில் மழை. நவம்பர், டிசம்பரில் வடக்கு அருமையாக இருக்கும், ஆனால் போகும் வழியில் ஹாட் யாய் முதல் சும்போன் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஹாட் யாய் 2010-இலும் 2025-இலும் மூழ்கியது நவம்பரில்தான். இரண்டு பக்கமும் ஓரளவு ஒத்துவருவது பொங்கல் கழிந்த பிறகு, ஜனவரி பாதி முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை. சீனப் புத்தாண்டு எந்த வாரம் என்று பார்த்து அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் உட்லண்ட்ஸ் பைக் தடத்தில் எஞ்சின் சூட்டில் வெந்துபோவீர்கள்.

இப்போது தாள்கள். ஆசியான் நாடுகள் 1985-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவிலும் தாய்லாந்திலும் செல்லும். பைக்கின் பதிவு விவரத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலிருந்து அச்செடுங்கள், ஆளுக்கு மூன்று பிரதி. அதிலுள்ள பெயரும் கடப்பிதழிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பைக் அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் தேவை. தவணை முடியாத வண்டி என்றால் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் கேட்டால் கிடைக்காது, ஒரு மாதம் முன்பே எழுதிப்போடுங்கள்.

காப்புறுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர் வாகனக் காப்புறுதிகள் பெரும்பாலும் மேற்கு மலேசியாவுக்கும், தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கி.மீ. வரைக்கும்தான் பொறுப்பேற்கும். ஹாட் யாய் அதற்குள் அடங்கும். சும்போன் அடங்காது. நீட்டிப்பு கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இதுபோக எல்லையில் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், அங்கே அதற்கு ‘போ ரோ போ’ என்று பெயர். அது ஆளுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும்தான், உங்கள் வண்டிக்கோ அடிபட்ட காருக்கோ ஒரு பாட் கூடத் தராது. பயணக் காப்புறுதியில் மோட்டார்சைக்கிள் பற்றிய விதிவிலக்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். ஸ்னைப்பர் ஓட்டுபவரிடம் 2பி உரிமம் மட்டும் இருந்தால், பாய் வளைவுகளில் “ஒரு பத்து நிமிஷம் உன் வண்டியைக் கொடு மச்சான்” என்ற பேச்சுக்கே இடமில்லை. 2பி 200 சிசியோடு முடிகிறது, 400 சிசிக்கு 2ஏ வேண்டும். மாற்றி ஓட்டும்போது விழுந்தால் எல்லாக் காப்புறுதியும் கைவிரித்துவிடும்.

எல்லையில் நடப்பது இது. தாய்லாந்து வருகை அட்டை 1 மே 2025 முதல் இணையத்தில்தான். வந்து சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். எல்லையின் தாய்லாந்துப் பக்கச் சாவடியான சாடாவில் குடிநுழைவு முத்திரை வாங்கியதும் பலர் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதுதான் தவறு. சுங்க அலுவலகத்தில் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதித் தாள் வாங்க வேண்டும். அதில் உங்கள் பெயர், பதிவெண், எஞ்சின் எண், சட்டக எண், வெளியேற வேண்டிய கடைசித் தேதி எல்லாம் இருக்கும். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எண் பிசகினாலும் திரும்பும்போது “இது வேறு வண்டி” என்பார்கள். தாளைப் படம் பிடித்து இருவர் கைப்பேசியிலும் வையுங்கள், அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வையுங்கள். பைக்கின் பெட்டியில் வைத்தால் மழைக்கும் திருடனுக்கும் சேர்த்து விருந்து வைப்பதுதான்.

மலேசியாவில் சொல்ல அதிகமில்லை. பிளஸ் நெடுஞ்சாலையில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டுப் பதிவு வண்டி ரோன் 95 பெட்ரோல் போடக்கூடாது, மஞ்சள் குழாயை விட்டுவிட்டு 97 போடுங்கள். அதிகாலை கிளம்பி ஈப்போவில் படுங்கள். முதல் நாளே ஹாட் யாய் பிடிக்கிறேன் என்று 860 கி.மீ. ஓட்டுவது அடுத்த மூன்று நாளின் தெம்பை முன்கூட்டியே செலவழிப்பது.

வண்டிக்கு வருவோம். இந்தப் பயணத்தில் டயர் படும் பாடு விசித்திரமானது. முதல் 2,300 கி.மீ. கிட்டத்தட்ட நேர்கோடு. பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். பிறகு திடீரென்று வளைவு மேல் வளைவு. தட்டையான நடுவிலிருந்து ஓரத்துக்கு வண்டி சாயும்போது அந்த விளிம்பில் ஒரு தயக்கமும், பிறகு சட்டென்று ஒரு விழுகையும் தெரியும். வளைவில் நம்பிக்கையைக் கெடுப்பது இதுதான். ஆகவே பாதி தேய்ந்த பின் டயரோடு கிளம்பாதீர்கள். ஸ்னைப்பரின் 120/70-17 அளவைச் சிறு ஊரிலும் தேடிப் பிடிக்கலாம். சிபி400எக்ஸின் 160/60-17-ஐ மே சரியாங்கில் தேடினால் கடைக்காரர் சிரிப்பார். பெரிய வண்டிக்குச் சிங்கப்பூரிலேயே, பட்டறைகள் உள்ள உபியிலோ காக்கி புக்கிட்டிலோ கிளம்பும் முன்பே புது டயர் போட்டு, 200 கி.மீ. ஓட்டிப் பளபளப்பைப் போக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பஞ்சர் ஆனால் செய்வதை வீட்டிலேயே ஒரு பழைய டயரில் பழகிக்கொள்ளுங்கள். ஆணி குத்தியிருப்பதைக் கண்டதும் பிடுங்கிவிடாதீர்கள். காற்று மெல்ல இறங்கினால் காற்றடித்துக்கொண்டே பட்டறை வரை போய்விடலாம். வேறு வழியில்லை என்றால்தான் பிடுங்க வேண்டும். அதற்கு முன் ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். துளையை ராவும் கம்பியை அதே சாய்வில் செலுத்தி, ஏழெட்டு முறை இழுத்துக் குத்துங்கள். கம்பி இடறாமல் போய்வர வேண்டும். நேராகக் குத்தினால் புதிதாக இன்னொரு துளை போடுகிறீர்கள். பிசின் தடவிய திரியை ஊசியின் காதில் நடுவாகக் கோத்து, இரண்டு வாலும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்வரை அழுத்துங்கள். பிறகு ஊசியைத் திருகாமல் ஒரே வெடுக்கில் இழுங்கள். வாலை 3 மி.மீ. விட்டு நறுக்கி, காற்றடித்து, எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். 16 கிராம் காற்றுக் குப்பி பெரிய டயரில் பத்து பிஎஸ்ஐ ஏற்றுவதே பெரிய விஷயம், அதனால் பேட்டரியில் மாட்டும் சின்ன மின்பம்புதான் சரி. பம்பு ஓடும்போது எஞ்சினும் ஓடட்டும், ஸ்னைப்பர் பேட்டரி குட்டி. டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் திரி நிற்காது, பிக்கப் வண்டியைக் கைகாட்டுங்கள்.

செயின். ஸ்னைப்பரில் 428, சிபி400எக்ஸில் 520. பக்கத் தகட்டிலேயே எண் அடித்திருக்கும். அந்தந்த அளவில் இணைப்புக் கண்ணி இரண்டிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் செயினோடு இரண்டு பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். தொய்வைச் சரிசெய்யும்போது நடக்கும் பிழை: காலி வண்டியில் கச்சிதமாக இறுக்கிவிட்டு, அப்புறம் 15 கிலோ மூட்டையை ஏற்றுவது. பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பு கியர்பெட்டியின் வெளித்தண்டு பேரிங்கைத் தின்றுவிடும். மூட்டை ஏற்றி, ஆளும் உட்கார்ந்த நிலையில் நண்பர் விரல் வைத்து அளக்கட்டும். அப்போதும் தொய்வு கொஞ்சம் மிஞ்ச வேண்டும். 500 கி.மீ.க்கு ஒருமுறை, மாலையில் வண்டியை நிறுத்தியதும் செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விடுங்கள். இரவெல்லாம் ஊறும். காலையில் விட்டால் பாதி பின் சக்கரத்தில்தான் தெறிக்கும்.

ஸ்னைப்பரின் எஞ்சின் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு. புது ஆயிலோடு கிளம்பி மே சோட்டில் ஒருமுறை, வீடு வந்து ஒருமுறை மாற்றுங்கள். இதே வண்டிக்கு மலேசியாவில் ஒய்15, தாய்லாந்தில் எக்சைட்டர் 150 என்று பெயர். பட்டறையில் இந்தப் பெயரைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆளுக்கொரு கிளட்ச் கேபிள், முன் பிரேக் பேட் ஒரு ஜோடி, இரண்டு லீவர், ஃபியூஸ், ஸ்னைப்பருக்கு ஒரு ஸ்பார்க் பிளக்.

பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதில்லை. டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கலாம். நம்மூர் ஈரக்காற்றில் இரண்டு வருடம் கிடந்த ஆயில் அந்த நிலைக்கு நெருங்கியிருக்கும். தட்டையான தீவில் வித்தியாசம் தெரியாது. பாய்க்கு இறங்கும் சரிவில் கால் மணி நேரம் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி விடும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். கிளம்பும் முன் மாற்றுங்கள். மேடு ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கத்திலும் இறங்குங்கள்.

இனி இந்தப் பதிலின் தலைப்புக்கு. சிபி400எக்ஸின் தொட்டி 17 லிட்டருக்கு மேல், ஒரே மூச்சில் 400 கி.மீ. தாண்டும். ஸ்னைப்பர் 150-க்கு 4 லிட்டர் சொச்சம். லிட்டருக்கு 40 என்று வைத்தாலும், ஏற்றமும் மூட்டையும் கழித்தால் நம்பக்கூடியது 130 கி.மீ. தூரம், நிறுத்தம், வேகம் எல்லாவற்றையும் இந்த 130-ஐ வைத்துத்தான் போட வேண்டும். 100 கி.மீ. ஆனதும் எங்கே பம்பு தெரிந்தாலும் ஸ்னைப்பர் உள்ளே திரும்பும், பெரியவரும் கூடவே திரும்புவார், பேச்சில்லை. தாய்லாந்து பம்புகளில் கேசஹால் 91, 95 இரண்டும் 10 விழுக்காடு எத்தனால் கலந்தவை, இரண்டு வண்டிக்கும் ஒத்துக்கொள்ளும். மலிவாக இருக்கிறதென்று, பெரும்பகுதி எத்தனாலான இ85 பக்கம் போகாதீர்கள். “கௌ ஹா, தெம் தங்” என்றால் “95, முழுத் தொட்டி”.

மலைக்கிராமங்களில் பம்பு இருக்காது. கடை வாசலில் கண்ணாடிப் போத்தலிலோ, கையால் சுற்றும் பீப்பாய்ப் பம்பிலோ பெட்ரோல் விற்பார்கள். விலை கூட, தூசியும் இருக்கலாம், மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். அதைவிட நல்ல வழி உங்களிடமே ஓடிக்கொண்டிருக்கிறது: நண்பரின் தொட்டி. ஒன்றரை மீட்டர் ஒளிபுகும் குழாய், நடுவில் அமுக்கும் ரப்பர்க் குமிழ், அவ்வளவுதான். பெரிய வண்டியை மேட்டுப் பக்கம் நிறுத்தி, குமிழை நாலு அமுக்கு அமுக்கினால் ஓட ஆரம்பித்துவிடும். எஞ்சின் இரண்டும் ஆறியிருக்கட்டும், சிகரெட் பக்கத்தில் வேண்டாம். எல்லை தாண்டும்போது மட்டும் கேனில் பெட்ரோல் வைத்திருக்காதீர்கள், வீண் வம்பு.

மூட்டையைத் தாழ்வாகவும் முன்னால் தள்ளியும் கட்டுங்கள். ஸ்னைப்பரின் பின்னால் உயரமான பெட்டியில் எடையெல்லாம் ஏற்றினால் முன் சக்கரம் இலேசாகி, லாரிக் காற்றில் ஹேண்டில் ஆடும். ஸ்பேனர், பம்பு, கூடாரம் போன்ற கனமெல்லாம் பெரிய வண்டிக்கு. சாலையில் ஸ்னைப்பர் முன்னால். பெரிய வண்டி முன்னால் போனால் தன்னையறியாமல் 110-க்கு ஏறும், பின்னால் வருபவர் எட்டிப்பிடிக்கத் தகுதிக்கு மீறி வளைவில் நுழைவார். இரட்டைப் பயணங்களில் வரும் விழுகைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த எட்டிப்பிடிக்கும் ஆசை. திருப்பம் வந்தால் முன்னவர் பின்னவரின் விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை நிற்க வேண்டும். பத்து நிமிடம் காணவில்லையென்றால், கடைசியாகச் சேர்ந்து நின்ற பெட்ரோல் பம்புக்கு இருவரும் திரும்புவது என்று முன்பே பேசிவையுங்கள். மலையில் கைப்பேசி அலை இருக்குமென்று எண்ணி எதையும் திட்டமிடாதீர்கள்.

தாய்லாந்தில் பாங்காக் பக்கம் உயர்மட்டச் சாலைகளிலும் மோட்டார்வே சாலைகளிலும் பைக் ஏறக்கூடாது. வழிகாட்டும் செயலியில் இதை முன்பே அடைத்துவையுங்கள். பிரிவுச்சாலையின் ஓரத்தில் உள்ளூர் பைக்குகள் எதிர்த்திசையில் வரும், அது அங்கே சகஜம். யூ-திருப்ப இடைவெளிகளில் வலப்பக்கத்திலிருந்து திடீரென்று பிக்கப் குறுக்கே வரும்.

மே சோட்டிலிருந்து மே சரியாங் போகும் 105-ஆம் சாலைதான் நீங்கள் கேட்ட காட்டுப்பாதை, சுமார் 230 கி.மீ. இடப்பக்கம் மோய் ஆறு, அக்கரை மியன்மார். தென்பாதியில் ஊர்கள் உண்டு, பெரிய மே லா அகதி முகாமும் சாலையோரத்திலேயே. முகாமையோ சோதனைச்சாவடியையோ படமெடுக்காதீர்கள். சாவடியில் கண்ணாடியைத் தூக்கி முகத்தைக் காட்டி, கடப்பிதழை நீட்டினால் பெரும்பாலும் சிரித்து அனுப்புவார்கள். வடபாதி காடு, ஆளரவம் குறைவு. ஏப்ரல் 2024-இல் அக்கரையில் மியாவடியில் சண்டை மூண்டபோது மே சோட் வரை அதிர்ந்தது. ஆகவே கிளம்பும் காலையில் விடுதியில் விசாரியுங்கள். நிலைமை சரியில்லை என்றால் தாக்கிலிருந்து லாம்பாங் வழியாகச் சியாங் மாய் போய், 108-ஆம் சாலையில் ஹோட் வழியாக மே சரியாங் வந்துவிடலாம். ஒரு நாள் கூடும், பரவாயில்லை. காலை 8 மணிக்குள் கிளம்பி, இருட்டுவதற்குள் மே சரியாங். இருட்டில் மாடும் நாயும் சாலையில் படுத்திருக்கும்.

மே ஹோங் சோன் சுற்றில் 1,864 வளைவு, சியாங் மாய் – பாய் பாதையில் மட்டும் 762. எண்ணினாரோ இல்லையோ, சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். இங்கே அபாயம் எதிரே வரும் மினிவேன்கள், கோட்டைத் தாண்டி வளைவை வெட்டிக்கொண்டு வருவார்கள். குருட்டு வளைவில் உங்கள் தடத்தின் இடப்பாதிக்குள் இருங்கள், ஒட்டி ஓரத்தில் மட்டும் வேண்டாம், அங்கே சரளை. நிழல் விழும் வளைவில் காலை பத்து மணி வரை பனி ஈரமும் பாசியும் இருக்கும். ஜனவரி விடியலில் மேட்டுப்பகுதியில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும். நம்மூர் வலைச் சட்டையில் காற்று ஊடுருவி விரல் மரத்துவிடும், பிரேக் பிடிக்க வராது. அதன்மேல் மழைக்கோட்டைப் போட்டாலே போதும், தனியாகக் குளிர்ச்சட்டை வாங்க வேண்டியதில்லை. கையுறை மட்டும் கனமானதாக இன்னொரு ஜோடி.

திரும்பும்போது சாடாவில் அவசரம் கூடாது. குடிநுழைவு முத்திரைக்குப் பிறகு சுங்கக் கவுன்டரில் நின்று இறக்குமதித் தாளைத் திருப்பிக் கொடுத்து, வண்டி வெளியேறியதாகப் பதிவானதா என்று பார்த்துவிட்டே நகருங்கள். பதிவாகாவிட்டால் அவர்கள் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் தாய்லாந்திலேயே இருக்கிறது. அதற்கான அபராதம் அடுத்த முறை நீங்கள் போகும்போது உங்கள் பெயரில் காத்திருக்கும்.